கோத்தகிரிப் பக்கம் புதிய பாறைகளில் போல்டரிங்: கைப்பிடியைத் தேடுமுன் அடியைப் பாருங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மேலே, ஆள் உயரத்திலிருந்து ஒரு மாடி வீட்டு உயரம் வரை பத்துப் பன்னிரண்டு பாறைகள் கிடக்கின்றன. போல்டரிங் என்பது கயிறில்லாமல், கீழே மெத்தை போட்டுக்கொண்டு இப்படிச் சிறிய பாறைகளில் ஏறுவது. நீங்கள் நான்கு பேர், கோவையில் செயற்கைச் சுவரில் இரண்டு வருடம் ஏறிப் பழகியவர்கள். டிசம்பர் விடுமுறையில் போகலாமா, இரண்டு மெத்தை போதுமா, பாசியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கலாமா என்று எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், டிசம்பர் வேண்டாம், ஜனவரிக் கடைசியில் போங்கள். இரண்டு மெத்தை சில பாறைகளுக்குப் போதும், சிலவற்றுக்குப் போதாது. கம்பி பிரஷ்ஷைத் தொடவே வேண்டாம். ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் உங்கள் கேள்வி வேறாக இருக்கிறது. யாரும் ஏறியதாகத் தெரியாத, வரைபடமோ வழிப்பட்டியலோ இல்லாத ஒரு சின்ன இடத்துக்கு முதலில் போகிறவர்கள் அதை எப்படிப் படித்துப் புரிந்துகொள்வது என்பதுதான் அது. அதற்கே விரிவாக எழுதுகிறேன்.

நீலகிரிப் பாறை பெரும்பாலும் சார்னோகைட். பல்லாவரம் பக்கத்துக் கல்லில் செய்த, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதை வைத்துத்தான் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரைக் கொடுத்தார். உடைத்தால் உள்ளே கருநீலமும் பச்சையும் கலந்த சாம்பல் நிறம், வெளியே பழுப்புத் தோல். ஏறுபவர்களுக்கு இது நல்ல கல். கல்லின் மணிகள் (துகள்கள்) பெரியவை, அதனால் ஷூவின் ரப்பர் நன்றாகப் பிடிக்கும். நீரை அதிகம் உறிஞ்சாது. மணற்கல்லைப் போல நனைந்தால் பிடி உதிர்ந்துபோகும் பயம் குறைவு. கல்லைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் கவலை.

ஹம்பியில் பாறைகள் பெரும்பாலும் பாறைமேலேயே அடுக்கியதுபோல் கிடக்கும். நீலகிரியில் அப்படி இல்லை. மழையும் ஈரமும் கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கி, பல லட்சம் ஆண்டுகளில் கல்லை வெங்காயத் தோல் உரிவதுபோல் அடுக்கடுக்காக மண்ணாக்கியிருக்கின்றன. கெட்டியான நடுப்பகுதி மட்டும் உருண்டையாக மிஞ்சுகிறது. தோட்டத்து ரோட்டுக்காக மேட்டை வெட்டிய இடத்தில் நின்று பாருங்கள்: செம்மண்ணிலும் மஞ்சள் மண்ணிலும் பெரிய உருண்டைகள் பதிந்திருக்கும், அவற்றைச் சுற்றி விரலால் நிமிண்டினால் பொடியாகிற ஓடு இருக்கும். மேல்மண் கரைந்து போனபின் வெளியே தெரிகிற உருண்டைதான் நீங்கள் ஏறப்போகும் பாறை. அதன் அடியில் இன்னமும் மண்தான். மூன்று மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 14 கன மீட்டர், எடை 38 டன் அளவில் வரும். பாரம் ஏற்றிய பத்துச் சக்கர டிப்பரைவிட அதிகம். அது புரண்டால், விழுபவருக்கு உதவக் கீழே நிற்கும் ஸ்பாட்டர் எவ்வளவு திறமையாக இருந்தும் பயனில்லை. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பக்கங்களில் சரிவுகள் இறங்கி உயிர்கள் போனதை அந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. அப்போது மண்ணோடு பாறைகளும் வந்தன.

அதனால் முதல் நாள் பாறையேறும் ஷூவைக் காரிலேயே விட்டுவிடுங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் விரல் தடிமனுள்ள கம்பியோ உறுதியான குச்சியோ போதும். முதலில் பக்கவாட்டில் போய்ப் பாறைக்கு மேல்பக்கச் சரிவைப் பாருங்கள். பாறையும் மண்ணும் சேரும் இடத்தில் பிறை வடிவத்தில் புதிய விரிசல் இருக்கிறதா? விரிசலின் ஓரம் கூர்மையாக, புல் முளைக்காமல் இருந்தால் அது சமீபத்தியது. அடுத்து கீழ்ப்பக்கம். எதிரே நிற்காமல் ஓரமாக உட்கார்ந்து குச்சியை அடியில் நுழையுங்கள். அரை மீட்டருக்கு மேல் தடையில்லாமல் போனால் அடிமண் கழுவப்பட்டிருக்கிறது. மூன்றாவது, பாறைகள் ஒன்றையொன்று தொடும் இடங்கள். தொடும் புள்ளியில் வெள்ளையாகப் புதுக் கல்பொடி இருந்தால் இரண்டில் ஒன்று அண்மையில் நகர்ந்திருக்கிறது. அங்கே பாசியும் கல்பாசியும் ஒரு பாறையிலிருந்து மற்றொன்றுக்கு இடைவெளியில்லாமல் படர்ந்திருந்தால் நீண்ட காலமாக அசையவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். புதிய விரிசல், அடியில் வெற்றிடம், அடியிலிருந்து கசியும் ஊற்று, கீழே ஐந்து பத்து மீட்டருக்குள் ஜேசிபி வைத்து வெட்டிய மேடு, இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் அந்தப் பாறையை விட்டுவிட வேண்டும். இதில் பேச்சுக்கே இடமில்லை. பாறை தாய்ப்பாறையின் மேலேயே கண்ணுக்குத் தெரிய உட்கார்ந்திருந்தாலோ, அதன் பருமனான இடுப்பு மண்ணுக்குள் புதைந்திருந்தாலோ பெரும்பாலும் நம்பலாம். நடுவில் கிடப்பவைதான் சிக்கல். உதாரணமாக, அடிப்பகுதி வளைந்த மரங்கள். சரிவு மெல்ல மெல்ல நகர்வதற்கு அது அடையாளமாக இருக்கலாம். சின்ன வயதில் மாடு மிதித்து வளைந்ததாகவும் இருக்கலாம். பல மரங்கள் ஒரே பக்கம், ஒரே மாதிரி வளைந்திருந்தால் முதல் காரணத்துக்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் கேள்வியோடு அனுப்பிய மூன்று படங்களில் இடது ஓரத்துப் பாறை எனக்குப் பிடிக்கவில்லை, அதன் கீழ்ப்பக்கம் நிழலாக, குடைந்ததுபோல் தெரிகிறது. ஆனால் படத்தை வைத்து ஒரு பாறை நிற்கும், விழும் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. குச்சியோடு போய்ப் பார்க்க வேண்டியது நீங்கள்தான். கடப்பாரை போட்டு நெம்பி ‘ஆடுகிறதா’ என்று சோதிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கீழே தேயிலை பறிக்கும் பெண்கள் இருக்கலாம், தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கலாம். அதைச் செய்யவே வேண்டாம்.

அடுத்தது நிலம் யாருடையது என்பது. ‘தோட்டத்துக்கு மேலே’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீலகிரியில் அந்த ஒரு சொல்லுக்குள் நான்கு வகை நிலம் அடங்கும்: எஸ்டேட் பட்டா, சிறு விவசாயியின் பட்டா, வருவாய்த்துறைப் புறம்போக்கு, காப்புக்காடு. தேயிலை முடிகிற கோட்டுக்கு மேல் எண் எழுதிய கற்குவியல்கள் வரிசையாக இருந்தால் அது காட்டு எல்லை. அதைத் தாண்டி அனுமதியில்லாமல் போவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அழகான பாறை கிடக்கிறது என்பது காரணமாகாது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போனவர்கள் இறந்தபின் காட்டுக்குள் நடப்பதற்கான விதிகள் இறுகிவிட்டன. வனத்துறையே 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குறிப்பிட்ட பாதைகளுக்குத்தான் அனுமதி. பாதையை விட்டு விலகிப் பாறையேற அதைப் பயன்படுத்த முடியாது. பட்டா நிலம் என்றால் வருவாய்த்துறையின் இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு அ-பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பார்க்கலாம். எண் தெரியாவிட்டால் எஸ்டேட் ஆபீஸில் ரைட்டரிடமோ, காலையில் பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு) நடக்கும் இடத்தில் மேஸ்திரியிடமோ கேளுங்கள். வாய்மொழி அனுமதி போதும் என்று பலர் சொல்வார்கள். நான் ஒரு பக்கக் கடிதம் எழுதித் தரச் சொல்வேன்: யார் யார், எந்தெந்த நாள், அடிபட்டால் எஸ்டேட் பொறுப்பில்லை, செடி மிதிக்க மாட்டோம். அந்தக் கடிதம் கையில் இருந்தால் வாட்சர் மாறினாலும் உங்களை வெளியே அனுப்ப மாட்டார்.

இன்னொரு அனுமதி எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. இந்த மலையில் கல் பல ஊர்களுக்குத் தெய்வம். குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் சூலமும் இருந்தால் யாருக்கும் புரிந்துவிடும். எந்த அடையாளமும் இல்லாத கல்லும் படுகர் ஊருக்கோ இருளர், குறும்பர், கோத்தர் குடியிருப்புக்கோ முக்கியமானதாக இருக்கலாம். பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ஒரு பெரியவரிடம், ‘ஐயா, இந்தக் கல்லுல ஏதாச்சும் கும்பிடறதுண்டா, ஏறினா தப்பா?’ என்று நேராகக் கேட்டால் நேராகப் பதில் கிடைக்கும். முதல் கேள்வியாக இதைக் கேட்டவர்களுக்கு அந்த ஊர் பிறகு காட்டும் அன்பே தனி. கோத்தகிரி வட்டாரத்தில் வெள்ளரிக்கொம்பை, கரிக்கையூர் போன்ற இடங்களில் பழங்காலப் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. அவை இருப்பது எங்கே? மழை படாத, முன்னால் கவிழ்ந்த பாறையின் அடியில். நமக்கு மிகவும் பிடித்த வடிவமும் அதுவேதான். அதனால் கவிழ்ந்த பாறை கிடைத்ததும், கையில் பூசும் சாக் பொடிப் பையைத் திறக்காதீர்கள். காலையில் சாய்ந்த வெயிலிலும், பிறகு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தும் செந்நிறம், வெள்ளை நிறக் கோடுகள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் படம் மட்டும் எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்துவிட்டு அந்தப் பாறையை மறந்துவிடுங்கள். பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் தேடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை, அங்கே கல்திட்டைகள். பலகைக் கல்லை நான்கு பக்கமும் நிறுத்தி மேலே மூடியிருந்தால் அது பல நூற்றாண்டுக்கு முந்தைய ஈமச்சின்னம். அதன்மேல் உட்காரக்கூட வேண்டாம்.

பாறைக்கூட்டத்துக்குள் குடியிருப்பவர்களையும் பார்க்க வேண்டும். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத் தோட்டங்களில் கரடி நடமாட்டம் சாதாரணம். பாறைகளுக்கு இடையிலுள்ள பொந்தில் அது பகலில் படுத்திருக்கும். வாயிலில் கொட்டைகள் நிறைந்த எச்சம், நகக் கீறல், ஈக்கள், கடுமையான வாடை இருந்தால் சத்தமில்லாமல் திரும்புங்கள். காட்டுமாடு தேயிலைக்குள் நின்றால் அதுவாகப் போகும்வரை காத்திருங்கள், கன்று இருந்தால் இன்னும் தள்ளி. மெத்தைகளைப் போடும்போது அதற்கும் உங்களுக்கும் ஓடும் வழி திறந்திருக்க வேண்டும். காலை எட்டுக்கு முன்னும் மாலை நான்குக்குப் பின்னும் அங்கே இருக்காதீர்கள். பச்சை நிறக் குழிவிரியன் புதரிலும் பாறை இடுக்கிலும் அசையாமல் கிடக்கும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் உரியது, குழிவிரியனுக்கு அல்ல. கடித்தால் மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும், வலி, வீக்கம், ரத்தக்கசிவுக்குச் சிகிச்சை உண்டு. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பிடியில் கையை நுழைக்காமல் இருப்பதுதான் நல்ல வழி. மேல் விளிம்பை முதலில் மேலிருந்து பார்த்துவிட வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லாவற்றிலும் நான் அதிகம் அஞ்சுவது மலைத்தேனீக்கு. பெரிய பாறைகளின் கவிழ்ந்த அடியில் ஒற்றை அடையாகத் தொங்கும். பூக்கிற பருவத்தில் வந்து தங்கி, பிறகு இடம் மாறி, மறுபடி அதே பாறைக்கு வரும். அடை இல்லாதபோதும் அரைநிலா வடிவத்தில் கருத்த மெழுகுக் கறை இருந்தால் அது அவற்றின் இடம். அந்தப் பாறையில் மட்டுமல்லாமல் சுற்றியுள்ள பாறைகளிலும் கூச்சல், வாசனைத் தைலம், புகை கூடாது. கலைந்துவிட்டால் மெத்தைக்கு அடியில் ஒளியாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு, எல்லாவற்றையும் போட்டுவிட்டு, புதர் அடர்ந்த பக்கமோ வண்டி இருக்கும் பக்கமோ ஓடிக்கொண்டே இருங்கள். சில நூறு மீட்டர் துரத்தும்.

பருவம் பற்றி. நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் நனைகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. கோத்தகிரி தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருப்பதால் அதன் கனமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையில்தான். கொடைக்கானலுக்கும் பெரும்பாலும் அதே கணக்கு. டிசம்பர் விடுமுறையில் வானம் தெளிந்திருந்தாலும் மண் குடித்த நீர் அப்படியே இருக்கும், பாறை அடியின் பலம் மிகக் குறைவான நேரம் அது. அதனால்தான் ஜனவரிக் கடைசி என்றேன். பிப்ரவரி நடுவிலிருந்து காட்டில் தீப்பருவம் தொடங்கும். எஸ்டேட் நிலமானாலும் அடுப்பு, சிகரெட் எதுவும் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னல், மொட்டைப் பாறை உச்சி அப்போது மிக மோசமான இடம். வெயில் படும் முகம் மழை விட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில் காயும். சீகை (வாட்டில்) மர நிழலில் இருக்கும் முகம் நாள்கணக்கில் ஊறிக்கொண்டே இருக்கும். நீலகிரிக்குள் வர இ-பாஸ் வேண்டும் என்பதையும், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டில்களைச் சோதனைச்சாவடியில் பறிமுதல் செய்வார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடி சோதித்து மிஞ்சிய பாறைகளுக்கு எண் கொடுங்கள். ஒரு நோட்டில் கையால் படம் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் உயரம், எந்தத் திசை முகம், எந்த நேரம் வெயில், எந்தப் பக்கம் இறங்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். உயரத்தைக் கண்ணால் மதிப்பிட்டால் சரிவில் எப்போதும் தப்பாகும். நுனியில் கல் கட்டிய கயிற்றை மேலிருந்து விட்டு அளப்பதே சரி. நான்கு பக்கமும் ஓர் ஆளை நிறுத்திப் படம் எடுங்கள், அந்தப் படங்கள் பின்னால் வேறொன்றுக்கும் உதவும். இறங்கும் வழி தெரியாத பாறையில் ஏறக் கூடாது. உருண்டைப் பாறைகளில் இது பெரிய பிரச்சினை, ஏறிய முகம் சுலபமாக இருந்து மற்ற மூன்று முகமும் வழுக்கையாக இருக்கும். அப்படிப்பட்டதில் பக்கத்து மரத்தில் கயிறு கட்டி வைத்துவிட்டுத்தான் முதல் முயற்சி.

இரண்டாவது நாள் கல்லைத் தட்டும் நாள். விரல் முட்டியால், பிறகு உள்ளங்கையின் அடியால் ஒவ்வொரு பிடியையும் தட்டுங்கள். கெட்டிக் கல் ‘ணங்’ என்று கையைத் திருப்பி அடிக்கும். ஓடு பெயர்ந்த இடம் ‘பொத்’ என்று காலிப் பானை போலச் சொல்லும், சில நேரம் உள்ளே மணல் சரிகிற ஓசையும் கேட்கும். காதை வைத்துக் கேட்டால் ஓட்டின் எல்லை எங்கே முடிகிறது என்றுகூடத் தெரிந்துவிடும். சந்தேகமான ஓட்டைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடிக்கலாம், வெளிப்பக்கமாக இழுக்கக் கூடாது. கையால் அசைத்தாலே ஆடினால், கீழே யாருமில்லை என்று பார்த்துவிட்டுக் கழற்றிவிடலாம். நெம்பிப் பெயர்ப்பது, உளி வைத்துப் பிடி வெட்டுவது, போல்ட் அடிப்பது மூன்றும் வேண்டாம். உங்களுக்கு இன்று முடியாத பிடி, நாளை வருகிற ஒரு பெண்ணுக்கு முடியும். அவளுக்காக அதை அப்படியே விட்டு வையுங்கள்.

கம்பி பிரஷ் ஏன் கூடாது என்றால், பழுப்புத் தோல்தான் இந்தக் கல்லின் கவசம். கம்பி அதைக் கீறினால் அடியிலிருக்கும் பாதி மக்கிய மணிகள் வெளியே வந்து, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். நல்ல பிடி இரண்டே பருவத்தில் உருண்டையாகிவிடும். நைலான் துணி பிரஷ்ஷும் பழைய பல்துலக்கியும் போதும். பிடிகளையும், கால் வைக்கும் சில அங்குலத்தையும், மேல் விளிம்பில் உள்ளங்கை வைக்கும் இடத்தையும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். முழுப் பாறையையும் ‘மொட்டை அடித்து’ படம் போடுவதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. கல்பாசி வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வளர்வது. பாறை மேலுள்ள பாசிமெத்தையில் ஆர்க்கிட் செடிகள் வேர்விட்டிருக்கும். அந்த மெத்தையை உரித்தால் நீர் நேராக ஓடி அடிமண்ணைக் கழுவும், பாறைக்கும் கேடு. ஆர்க்கிட் இருக்கும் பக்கம் வழி வேண்டாம் என்று முடிவுசெய்துவிடுங்கள், மிச்சப் பக்கங்கள் இருக்கின்றன.

மேலே கயிறு கட்டும்போது ஒரு விஷயம். சீகையும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பருமனாகத் தெரிந்தாலும் வேர் மேலாகவே ஓடும். ஒவ்வொரு மழையிலும் ஊட்டி ரோட்டில் விழுந்து கிடப்பவை பெரும்பாலும் அவைதான். சோலை மரமோ, பக்கத்திலுள்ள உறுதியான பாறையைச் சுற்றிய பட்டைக் கயிறோ நல்லது. நீளாத கயிறாக 10 அல்லது 11 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்து, விளிம்பில் உராயும் இடத்தில் மடித்த சாக்கை வையுங்கள்.

இப்போது மெத்தை. மூன்று மீட்டரிலிருந்து விழுந்தால் தரையைத் தொடும் வேகம் மணிக்கு 27 கிலோமீட்டருக்கு மேல், நான்கு மீட்டரில் சுமார் 32. சுவர் இருக்கும் கூடத்தில் முப்பது நாற்பது சென்டிமீட்டர் தடிமனில் தரை முழுக்க மெத்தை. இங்கே ஒரு மீட்டருக்கு ஒன்றேகால் மீட்டர் அளவில் பத்து சென்டிமீட்டர் தடிமன் மட்டும். இரண்டு மெத்தை, மூன்று மீட்டருக்குள், நேராகக் கீழே விழும் வழிகளுக்குப் போதும். பக்கவாட்டில் நகரும் வழிக்கும், அதற்கு மேல் உயரத்துக்கும் நான்கு வேண்டும். நான்கு இல்லாவிட்டால் அந்த வழியை அடுத்த முறைக்கு வையுங்கள். கணுக்கால் உடைவது பெரும்பாலும் இரண்டு மெத்தை சேரும் இடுக்கில். அந்த இடுக்கின்மேல் பழைய யோகா பாயை மடித்துப் போட்டு மூடுங்கள். உள்ளூரில் தைத்துக்கொள்வதானால், மேலே இரண்டரை சென்டிமீட்டர் கெட்டி நுரைப் பலகை, கீழே எட்டுப் பத்து சென்டிமீட்டர் அடர்த்தியான ஸ்பாஞ்ச். சோபா ஸ்பாஞ்ச் மட்டும் போட்டால் குதிகால் நேராகத் தரையில் இடிக்கும். ஒன்றரை மீட்டரிலிருந்து குதித்துப் பாருங்கள். தரை தெரிந்தால் அது உதவாது.

சரிவில் மெத்தை வழுக்கும், சீகை இலைமேல் இன்னும் அதிகமாக. உடனே மண்வெட்டி எடுத்துப் பாறை அடியில் மட்டம் செய்யத் தோன்றும். செய்யாதீர்கள். அந்த மண்தான் பாறையைத் தாங்குகிறது. நீங்கள் வெட்டும் ஒவ்வொரு கூடையும் அடுத்த மழையில் அடியைத் திறந்துவிடும். காய்ந்த கிளைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் மெத்தையை வைக்கலாம், திரும்பும்போது எடுத்துப் போட்டுவிட வேண்டும். அப்படியும் மட்டம் வராத இடம் ஏறக் கூடாத இடம். ஸ்பாட் செய்பவர் விழுபவரைத் தாங்கிப் பிடிக்க முயலக் கூடாது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு சேர்த்து வைத்து, இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே தள்ளி, தலை பின்னால் போகாமல் மெத்தைமேல் இறங்க வைப்பதே வேலை. சரிவில் இரண்டு பேர் ஸ்பாட் செய்தால் ஒருவர் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும், அவருக்குப் பின்னால் கால் வைக்க இடம் இருக்கிறதா என்று ஏறுபவர் முதலில் பார்த்துவிட்டு ஏறட்டும்.

சுவரில் பழகியவர்களுக்கு இங்கே தடுமாற்றம் இரண்டு இடங்களில். ஒன்று, கால். வண்ணப் பிடி இல்லாததால் கையால் தேடிக்கொண்டே இருப்பீர்கள். சார்னோகைட்டில் நகக்கண் அளவு மணி ஒன்று கூடக் காலைத் தாங்கும், ரப்பரில் மண் இல்லாவிட்டால். பாறை அடியில் ஒரு கயிற்றுக் கால்மிதியைப் போட்டு, ஒவ்வொரு முயற்சிக்கும் முன் ஷூவைத் துடையுங்கள். இரண்டாவது, உச்சி. கூடத்தில் மேல் பிடியைத் தொட்டுவிட்டுக் குதித்துவிடுவோம்; இங்கே விளிம்பின்மேல் உடலைத் தூக்கி வைத்து எழ வேண்டும், அதுவும் கை ஓய்ந்தபின், பிடியில்லாத உருண்டையில். ஒன்றரை மீட்டர் உயரப் பாறையொன்றில் இந்த ஒரே அசைவை இருபது முறை பழகுங்கள்: ஒரு கையை அழுத்தும் நிலைக்குத் திருப்பி, குதிகாலை உயர்த்தி வைத்து, முழங்காலை ஊன்றாமல் எழுவது. வழியின் கடினத்தைச் சொல்லும் வி-அளவில், கூடத்தில் வி4 ஏறுபவர் இங்கே வி1-ல் தொடங்குவதே முறை. தோலும் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்காது. விரல் நுனி இளஞ்சிவப்பாகி ஈரம் கசிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அடிபட்டால் என்ன வழி என்பதைப் போகும் முன்பே எழுதி வையுங்கள். தொலைபேசி சிக்னல் கடைசியாகக் கிடைக்கும் இடம் எது, அங்கிருந்து 108 வண்டி வரும் ரோடு எது, அதற்கு எஸ்டேட் கேட் பூட்டியிருக்குமா, சாவி யாரிடம். பெரிய காயத்துக்கு ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திரும்பி வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல் வந்தால், உடலில் எங்காவது சிகரெட் சுட்டதுபோல் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள், இடுப்பு, அக்குள், தொடை இடுக்கு உட்பட. புதர்ப் பூச்சியால் வரும் ஸ்க்ரப் டைபஸ் இந்த மலையில் உண்டு. மருத்துவரிடம் ‘நீலகிரியில் புதருக்குள் இருந்தேன்’ என்று நீங்களே சொல்ல வேண்டும். சரியான ஆன்டிபயாடிக் சீக்கிரம் தொடங்கினால் குணமாகிவிடும், தாமதித்தால் ஆபத்து.

இடத்தைப் பொதுவில் போடலாமா என்பதை எஸ்டேட்டும் ஊரும் சொல்லட்டும். பன்னிரண்டு பாறை, இரண்டு வண்டி நிறுத்த இடம் உள்ள ஒரு மேட்டுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நாற்பது பேர் வந்தால் அடுத்த வாரம் கேட் மூடிவிடும்.

ஒவ்வொரு வடகிழக்கு மழை முடிந்தபின்னும், ஏற்கெனவே ஏறிப் பழகிய பாறையாக இருந்தாலும், ஒன்றாம் எண்ணிலிருந்து குச்சிச் சோதனையை மறுபடி செய்யுங்கள். முதல் நாள் எடுத்த படங்களை எடுத்துப் போய், அதே இடத்தில் நின்று அதே கோணத்தில் எடுத்து ஒப்பிட்டால், மண்கோடு பாறையில் எத்தனை விரல்கடை இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான்கு விரல்கடைக்கு மேல் இறங்கியிருந்தால் அந்த வருடம் அந்தப் பாறைக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள்.